கனடாவுக்கு வருகிறீர்களா? கிளம்பும் முன்னும் இறங்கிய பின்னும் செய்ய வேண்டியவை

ஊரிலிருந்து யாராவது "கனடா வரலாம்னு இருக்கோம், எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "கனடாவில் எந்த ஊர்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பதில் ஊருக்கு ஊர் மாறும். ஜனவரியில் வான்கூவர்க்காரர் குடை பிடித்து நடந்துகொண்டிருப்பார். அதே காலையில் வினிபெக்கில் மைனஸ் 30 டிகிரி குளிர் அடிக்கும். கார் ஸ்டார்ட் ஆக வேண்டுமே என்று ராத்திரியே எஞ்சினுக்கு மின்சார ஹீட்டர் போட்டு வைத்திருப்பார்கள். வீட்டு அட்வான்ஸ், மருத்துவ அட்டை, டிரைவிங் லைசென்ஸ், கடையில் போடும் வரி எல்லாமே மாகாணத்துக்கு மாகாணம் வேறு. ஒன்டாரியோ மாகாணத்தின் ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தி சொன்ன யோசனை அல்பர்ட்டாவின் எட்மன்டனில் இறங்கும் பையனுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஆகவே இதைப் படிக்கும்போது, "நான் போகும் மாகாணத்தில் எப்படி?" என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

படி 1: வரைபடத்தை நிதானமாகப் பாருங்கள்

ரஷ்யாவுக்கு அடுத்தபடி உலகிலேயே பெரிய நாடு இது. ஏறத்தாழ 99.8 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைப் போல மூன்று மடங்கு. மக்கள் தொகையோ 2023-ல்தான் 4 கோடியைத் தொட்டது. அவர்களிலும் பெரும்பாலானோர் தெற்கே, அமெரிக்க எல்லையை ஒட்டிய பட்டையில்தான் வாழ்கிறார்கள். 10 மாகாணங்கள், வடக்கே 3 ஆட்சிப் பிரதேசங்கள், 6 நேர மண்டலங்கள். நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் கடிகாரம் அரை மணி தள்ளி ஓடும். மார்ச்சில் பல மாகாணங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது சஸ்காட்செவானின் பெரும்பகுதி அதைத் தொடவே தொடாது.

சுற்றிப் பார்க்க வருபவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டு, நயாகரா, பான்ஃப், வான்கூவர் எல்லாவற்றையும் காரிலேயே பார்த்துவிடலாம் என்று பட்டியல் போடுகிறார்கள். டொரண்டோவிலிருந்து நயாகரா 130 கிலோமீட்டர். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். பான்ஃப் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். டொரண்டோவிலிருந்து வான்கூவருக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம். ரயிலில் ஏறினால் நான்கு இரவுகள். அந்த ரயில் பயணம் அருமையானது, ஆனால் அதற்கென்று தனியாக நாள் ஒதுக்க வேண்டும்.

இரண்டு வாரம்தான் இருக்கிறதென்றால் கிழக்கு அல்லது மேற்கு, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு என்றால் டொரண்டோ, நயாகரா, ஆயிரம் தீவுகள், தலைநகர் ஒட்டாவா, மாண்ட்ரியல், கோட்டை மதிலுக்குள் இருக்கும் பழைய கியூபெக் நகரம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வந்தால் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்பதைப் பார்க்கலாம். மேற்கு என்றால் கால்கரியில் இறங்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பான்ஃப். 1885-ல் தொடங்கிய, கனடாவின் முதல் தேசியப் பூங்கா அது. பக்கத்தில் உள்ள மொரேன் ஏரிக்கு இப்போது சொந்தக் காரில் போக முடியாது, ஷட்டில் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். பனிக்கரடி பார்க்க ஆசை என்றால் அக்டோபர், நவம்பரில் மனிடோபாவின் சர்ச்சில். வானில் பச்சை ஒளி ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே யெல்லோநைஃப்.

படி 2: விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்க வர விசிட்டர் விசா வாங்க வேண்டும். கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் 85 டாலர். கைரேகை ஒருமுறை கொடுத்தால் 10 வருஷம் செல்லும். பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். எத்தனை நாள் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி.

விசா மறுக்கப்படுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், "நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்ற நம்பிக்கை வரவில்லை" என்பதுதான். ஆகவே பேங்க் பேலன்ஸ் மட்டும் காட்டினால் போதாது. வேலை, லீவு கடிதம், வீடு, ஊரில் இருக்கும் குடும்பம், திரும்பும் தேதி என்று ஊரோடு உங்களைக் கட்டிவைத்திருக்கும் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதுங்கள்: யார், எதற்காக, எத்தனை நாள், செலவு யாருடையது, ஏன் திரும்புவேன். கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால், நிலம் விற்ற பணமோ வைப்பு முதிர்ந்த பணமோ, அதற்கான தாளையும் சேர்த்துவிடுங்கள்.

பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இங்கே குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமையோடோ (பி.ஆர்.) இருந்தால், அவர்களுடைய பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று ஒன்று உண்டு. ஒருமுறை வந்தால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். குறைந்தது 1 லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். சாதாரண விசிட்டருக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் எடுக்காமல் அம்மா அப்பாவை அழைத்து வராதீர்கள். இங்கே மருத்துவம் இலவசம் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். விருந்தாளியாக வந்தவர் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தாலே பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும்.

நிரந்தரமாக வர நினைப்பவர்களுக்கு 2015-ல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முக்கியமான வழி. வயது, படிப்பு, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். மாகாணம் ஒன்று உங்களைத் தேர்ந்தெடுத்தால் அப்படியே 600 மதிப்பெண் கூடும். கியூபெக்குக்கு மட்டும் தனித் தேர்வு முறை, அதில் பிரெஞ்சு பெரிய விஷயம். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, வேலை தருவதாக இங்குள்ள கம்பெனி கொடுக்கும் கடிதத்துக்குக் கிடைத்த மதிப்பெண்களையே 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதனால் போன வருஷம் போனவர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாமல், குடிவரவுத் துறையின் இணையதளத்தை அன்றைய தேதியில் பாருங்கள்.

ஏஜென்டுகள் விஷயத்தில் மனதாரச் சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்க இங்கே உரிமை உள்ளவர்கள் வழக்கறிஞர்கள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்ற சிலர் மட்டும்தான். ஆலோசகர்களின் பெயர்கள் அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இருக்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். "வேலை கேரண்டி, விசா கேரண்டி" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராமல் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

படி 3: பெட்டியில் என்ன வைப்பது

காகிதங்கள்தான் முதலில். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை (பள்ளியில் கேட்பார்கள்), பழைய கம்பெனிகளின் அனுபவக் கடிதங்கள். பலரும் விட்டுவிட்டு வரும் ஒன்று, எத்தனை வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சான்று. ஒன்டாரியோவில் அந்த ஒரு தாள் இருந்தால் முழு லைசென்ஸுக்குக் காத்திருக்கும் காலம் நிறையக் குறையும். இங்கே வந்தபின் அதை வாங்குவதற்கு ஊரில் ஒருவர் நாலு நடை நடக்க வேண்டும்.

230 வோல்ட் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட். இந்த ஊர் வோல்ட்டேஜுக்கே செய்த நம்மூர் மிக்ஸி இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. குக்கர் கொண்டு வரலாம், அடுப்புக்கு ஏற்ற அடிப்பாகமா என்று மட்டும் பாருங்கள். கனமான குளிர் கோட்டும் வேண்டாம். ஊரில் விற்பது இந்தக் குளிருக்குச் செய்ததில்லை.

விமானத்தில் கொண்டு வரும் உணவை மறைக்காதீர்கள். இறைச்சி, பால் பொருள்கள், பழம், விதை, செடி, இலை எதுவாக இருந்தாலும் கேட்கும் இடத்தில் "இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். மறைத்தால் 1,300 டாலர் வரை அபராதம் விழலாம். 10,000 டாலரோ அதற்கு மேலோ பணமாகக் கொண்டு வந்தாலும் சொல்ல வேண்டும், அதற்கு வரி எதுவும் கிடையாது. நிரந்தர வசிப்புரிமையோடு வருபவர்கள் கையில் கொண்டு வருவதற்கு ஒரு பட்டியல், பின்னால் வரப்போவதற்கு ஒரு பட்டியல் என்று இரண்டு எழுதி வையுங்கள். நகைகள் உட்பட. பின்னால் அனுப்பும்போது வரிப் பிரச்சினை வராது.

படி 4: முதல் வாரம்

சின் நம்பர் (Social Insurance Number) என்கிற ஒன்பது இலக்க எண்ணை வாங்குவதுதான் முதல் வேலை. அது இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. இலவசம், அரசு சேவை மையத்திலேயே கொடுப்பார்கள். அதைப் பர்ஸில் வைத்துச் சுற்றாதீர்கள், வாடகை வீட்டின் உரிமையாளர் கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை.

அப்புறம் பேங்க். புதிதாக வருபவர்களுக்கென்று எல்லாப் பெரிய வங்கிகளும் கணக்கு வைத்திருக்கின்றன. சிறியதாகவாவது ஒரு கிரெடிட் கார்டு கேட்டு வாங்கி, மாதாமாதம் மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுங்கள். 300 முதல் 900 வரை போகும் கிரெடிட் ஸ்கோர் இங்கே உங்கள் ஜாதகம் மாதிரி. வீடு, கார், சில சமயம் போன் இணைப்பு வரை அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

மருத்துவ அட்டை மாகாணம் கொடுப்பது. ஒன்டாரியோவில் மூன்று மாதக் காத்திருப்பை 2020-ல் எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிச்ச நாள்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுங்கள். ஒன்டாரியோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மாகாண அட்டை கிடையாது, கல்லூரிக் காப்பீடுதான். அட்டை வந்துவிட்டாலும் பல் மருத்துவமும் கடையில் வாங்கும் மருந்தும் பொதுவாக அதில் அடங்காது. அந்த அட்டையோடு ஒரு குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்வது அடுத்த வேலை. இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே பெயர் கொடுத்து வையுங்கள். அவசரத்துக்கு 911. அவசரமில்லாத சந்தேகம் என்றால் 811-ஐக் கூப்பிட்டால் பல மாகாணங்களில் ஒரு நர்ஸ் பேசுவார்.

கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. 100 டாலர் செருப்புக்கு அல்பர்ட்டாவில் 105 கொடுப்பீர்கள், ஒன்டாரியோவில் 113. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ்.

அந்த வாரமே பக்கத்து நூலகத்துக்கும் போய் வாருங்கள். உறுப்பினர் அட்டை இலவசம். டொரண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. ரெஸ்யூமே அச்சடிக்கலாம், பிள்ளைகளைக் கதை நேரத்துக்கு அழைத்துப் போகலாம். மார்ச் மாத மதியம் ஒன்றில் ஒரு பாட்டியம்மா, ஜன்னலோர நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் தமிழ் வார இதழைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "வீட்டில எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க தம்பி, எனக்கு இதுதான் திண்ணை" என்றார்.

படி 5: வீடு

வாடகை வீட்டில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரில் இருந்தபடியே, படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டிலோ தற்காலிக அறையிலோ தங்கி, நேரில் போய்ப் பார்த்துப் பிடியுங்கள்.

ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் சட்டப்படி முன்கூட்டி வாங்கக்கூடியது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான். சேதத்துக்கு என்று தனி அட்வான்ஸ் கேட்கக் கூடாது. சாவிக்கு வாங்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரை மாத வாடகை வரை அட்வான்ஸ் வாங்கலாம். கியூபெக்கில் நிறைய வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30-ல் முடிகின்றன. ஜூலை 1 அன்று மாண்ட்ரியல் தெருவெங்கும் சோபாவும் கட்டிலும் நடந்து போகும்.

தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் வீடு மலிவு, நம்மில் பலரும் அங்கேதான் தொடங்குகிறோம். பார்க்கப் போகும்போது தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழியோ ஆள் நுழையும் அளவு ஜன்னலோ இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, சுவரின் அடியில் ஈர வாசனை வருகிறதா என்று பாருங்கள். ஹீட்டர் கன்ட்ரோல் யார் கையில் என்பதையும் கேளுங்கள். என் முதல் பேஸ்மென்டில் அது மேல்வீட்டில் இருந்தது. அவர்கள் ஊருக்குப் போன வாரம் வெப்பத்தைக் குறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். குறைந்தபட்ச வெப்பம் வீட்டுக்காரரின் சட்டக் கடமை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

படி 6: குளிர்

1947 பிப்ரவரி 3 அன்று வடமேற்கு மூலையிலுள்ள யூக்கானின் ஸ்னாக் என்ற இடத்தில் மைனஸ் 63 டிகிரி பதிவானது. நீங்கள் அங்கே குடியேறப் போவதில்லை. டொரண்டோவில் ஜனவரி பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும், இடையிடையே மைனஸ் 20-ஐத் தொடும். நீங்கள் பார்க்க வேண்டியது வெப்பநிலையோடு வரும் இன்னோர் எண், காற்றையும் சேர்த்துச் சொல்லும் விண்ட் சில். மைனஸ் 15-ல் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் உடம்புக்கு மைனஸ் 26 மாதிரி இருக்கும். அது மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறைந்துபோகலாம்.

உடை மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத கோட். பருத்தி பனியனை அடியில் போடாதீர்கள், வியர்வையைக் குடித்து ஜில்லென்று ஒட்டிக்கொள்ளும். கோட்டில் மிச்சம் பிடித்தாலும் பூட்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர் இறங்காததும் அடியில் நல்ல பிடிப்பு உள்ளதுமாக வாங்குங்கள். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை சூடு.

பனி கொட்டுவது அழகு, பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது பிளாக் ஐஸ், ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய பனிக்கட்டி. தார் ரோடு ஈரமாக மின்னுவது போலத்தான் தெரியும். கால் வைத்ததும் வாரிவிடும். சின்னச் சின்ன அடியாக, பாதத்தைத் தட்டையாக வைத்து நடங்கள், கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சின்ன விஷயங்கள் உண்டு. வாசலில் பூட்ஸ் வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு தேவை. ரோட்டில் தூவும் உப்பு உருகி, காய்ந்ததும் பூட்ஸில் வெள்ளைக் கோடு போடும். ஈரத் துணியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். ஹீட்டர் காற்றில் உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் காரணம் தெரியாமல் அழுகை வந்தால் அதை வீம்புக்கு அடக்கிக்கொண்டு இருக்காதீர்கள். மதிய வெளிச்சத்தில் அரை மணி நடந்து வாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 988-க்கு எந்நேரமும் போன் செய்யலாம்.

படி 7: வேலையும் வண்டியும்

ரெஸ்யூமேயில் போட்டோ, வயது, திருமண விவரம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்குள். டாக்டர், நர்ஸ், ஆசிரியர், இன்ஜினியர் போன்ற தொழில்களுக்கு மாகாண உரிமம் தேவை. குடியேறப் புள்ளி கொடுத்த அதே பட்டம் வேலை செய்ய உரிமம் ஆகாது. விமானம் ஏறுவதற்கு ஒரு வருஷம் முன்பே உரிம அமைப்புக்கு எழுதிவிடுங்கள். புதியவர்களுக்கென்று அரசு நிதியில் இயங்கும் குடியேற்ற உதவி மையங்கள் இலவசமாக ரெஸ்யூமே திருத்தித் தருவார்கள், ஆங்கில வகுப்பில் சேர்ப்பார்கள். கூச்சப்படாமல் போங்கள்.

வண்டி இங்கே வலப்பக்கம் ஓடும். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கி நின்றால், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

படி 8: அக்கம்பக்கம்

இந்த நாட்டின் பெயரே பழங்குடி மொழியில் கிராமம் என்று பொருள்படும் "கனாட்டா" என்ற சொல்லிலிருந்து வந்தது. பள்ளி விழாவிலும் கூட்டங்களிலும், இது எந்தப் பழங்குடியினரின் நிலம் என்று முதலில் சொல்லித் தொடங்குவார்கள். செப்டம்பர் 30 அன்று பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டை போட்டுப் போவார்கள். பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளுக்காக அது. மொழி பறிபோவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளை சட்டை கேட்கும்போது கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நமக்கு இங்கே ஓரளவு பாதை போட்டு வைத்தவர்கள் ஈழத்தமிழர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 பேரை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். இன்று ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரத்திலும் தமிழிலேயே டாக்டர், வக்கீல், கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் 2016-ல் ஏற்றது. அந்த ஆதரவில் சாய்ந்துகொள்ளுங்கள், அதோடு வாரத்தில் ஒரு நாளாவது தமிழ் தெரியாத ஓரிடத்தில் தன்னார்வ வேலை செய்யுங்கள். எனக்கு முதல் வேலை, நான் தன்னார்வமாகப் போன உணவு வங்கியில் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவர் மூலமாகத்தான் கிடைத்தது.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டிய ஒன்று

ஒரு நோட்டு வாங்கி, கனடாவை விட்டு வெளியே போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். அமெரிக்காவுக்குக் காரில் ஒரு நாள் போய் வந்தாலும் எழுதுங்கள். நிரந்தர வசிப்புரிமையைத் தக்கவைக்க ஐந்து வருஷத்தில் 730 நாள், குடிமகன் ஆவதற்கு ஐந்து வருஷத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். குடியுரிமைக்கான படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது நாலு வருஷத்துக்கு முந்தைய பயணத் தேதிகளைத் தேடிப் பழைய மின்னஞ்சல்களைத் துழாவி நான் இரண்டு வாரம் செலவழித்தேன். முதல் பக்கத்தில் முதல் வரி, நீங்கள் இறங்கிய நாள்.